ஆடி ஓய்ந்த கால்கள்

ஓய்வு பெற்ற கால்பந்து வீரர்களுக்கென்றே நாடுகளுக்கிடையே பந்தயம் நடத்துகிறார்கள். ஆடி முடித்து, தலை நரைத்து, இடுப்புப் பெருத்துவிட்ட பழைய சூரர்களைக் கடல் கடந்து அழைத்து வந்து, பழைய நிறத்துச் சட்டையை மாட்டிவிட்டு, மீண்டும் ஒருமுறை பந்தை உதைக்கச் சொல்கிறார்கள். பார்க்க ஜனம் திரள்கிறது. நம் தலைநகரிலும் அந்தக் காட்சியின் ஒரு துளியைக் கண்டோம். 2025 மார்ச் 30ஆம் நாள், சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் பிரேசிலின் பழைய வீரர்கள் ஒரு பக்கம், இந்தியாவின் பழைய வீரர்கள் மறுபக்கம் என்று நின்று ஆடினார்கள். 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர்களும் வந்தவர்களில் இருந்தார்கள். பிரேசில் 2, இந்தியா 1 என்று ஆட்டம் முடிந்தது. தோற்றோமே என்று யார் அழப் போகிறார்கள்? பார்த்தோமே என்பதுதான் அன்று மகிழ்ச்சி.

இது தவறா? தவறென்று சொல்ல நாம் வரவில்லை. பாட்டாளியின் வாழ்வில் மகிழ்ச்சி வரும் வாசல்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று பந்தாட்டம். ஒரு பந்தும் நான்கு கற்களும் இருந்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். மட்டை வேண்டாம், வலை வேண்டாம், கனவான்களின் கிளப்பில் அங்கத்தினர் சீட்டு வேண்டாம். ஆகையால்தான் கல்கத்தாவின் சணல் ஆலைப் பகுதியிலும், சென்னை வியாசர்பாடியின் குடிசைச் சந்துகளிலும், உதகையின் காந்தலிலும் ஏழை வீட்டுப் பிள்ளையின் காலில் பந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளை, தான் கேட்டு வளர்ந்த பெயருக்குரிய மனிதரைக் கண்ணால் காண ஆசைப்பட்டால், அதைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி இருக்கிறது. ஆடி ஓய்ந்தவர்களைக் கொண்டாடுகிறோம் என்கிறார்கள். எந்த ஆடி ஓய்ந்தவர்களை?

இந்தப் பழைய வீரர் பந்தயத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 1987 ஜனவரியில் பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில், பெலேயின் பெயரால் ஒரு கோப்பை வைத்து, முன்பு உலகக் கோப்பை வென்ற நாடுகளின் பழைய வீரர்களை அழைத்து ஆட வைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா, பிரேசிலை அதன் சொந்த மண்ணிலேயே வென்றது. அதை முன்னின்று நடத்தியவர் ஒரு தொலைக்காட்சி விளையாட்டு வர்ணனையாளர். தொலைக்காட்சிக்கு விளையாட்டு வேண்டும். விளையாட்டுக்குப் பெயர் வேண்டும். பெயர் உள்ளவர்களோ வீட்டில் சும்மா இருக்கிறார்கள். சரக்கு கிடங்கிலேயே இருக்கிறது, எடுத்து விற்றால் என்ன என்று வியாபார மூளை கணக்குப் போட்டது. கணக்குத் தப்பவில்லை. அந்தக் கோப்பை தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையில் நாடு மாறி நாடு மாறி நடந்தது. அதைப் பார்த்து வேறு வேறு பெயர்களில் வேறு வேறு பந்தயங்கள் முளைத்தன. நினைவையும் நிறுத்து விற்கலாம் என்பதை முதலாளி கண்டுகொண்டான்.

அதே பிரேசில் நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. கரிஞ்சா என்று ஒரு வீரர். ஒரு கால் உள்பக்கமும் மறுகால் வெளிப்பக்கமும் வளைந்தவர். பாவ் கிராண்டே என்ற ஊரில், பஞ்சாலையில் பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த ஊரில் வீடு ஆலைக்குச் சொந்தம், நிலம் ஆலைக்குச் சொந்தம், பந்தாடும் இடமும் ஆலைக்குச் சொந்தம். நம் தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்த ஊரை வர்ணிக்கத் தேவையில்லை. ஆலை அணியில் ஆடிய அந்த வளைந்த காலன்தான் 1958இலும் 1962இலும் உலகக் கோப்பையைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்த அணிகளில் நடுநாயகமாக நின்றவர். 1962இல், காயம்பட்ட பெலே வெளியே உட்கார்ந்திருக்க, கிட்டத்தட்டத் தனி ஆளாகவே அணியைச் சுமந்தவர் என்று பந்தாட்டம் அறிந்தவர்கள் எல்லோரும் ஒப்புவார்கள்.

அவர் ஆடி ஓய்ந்த பிறகு என்ன ஆயிற்று? குடி பிடித்துக்கொண்டது, கையில் காசில்லை. 1973 டிசம்பரில், ரியோ நகரத்து மரக்கானா அரங்கில், அவருக்கு நன்றி செலுத்துவதற்காக ஓர் ஆட்டம் நடத்தினார்கள். லட்சத்துக்கு மேல் ஜனம் வந்தது. வசூல் பணத்தைக் கொடுத்தார்கள். கைதட்டல் வானைப் பிளந்தது. பத்தே ஆண்டுகள்! 1983 ஜனவரியில், ஐம்பது வயதைக்கூட எட்டாமல், நொந்து நலிந்து இறந்தார் கரிஞ்சா. அவரைப் புதைக்கப் போன நாளிலும் ஜனம் திரண்டது. நாட்டு மக்கள் நன்றி மறந்தவர்கள் அல்லர். நன்றியை ஒரு நாள் கூத்தாக்கி, மறுநாள் காலையில் அவரைத் தெருவில் விட்டது அமைப்பு.

இன்னொரு பழைய தொழிலாளி லெவ் யாஷின். சோவியத் நாட்டின் கோல்காப்பாளர். போர்க்காலத்தில் சிறுவனாகவே தொழிற்சாலைக்குப் போனவர். தொழிற்சாலை அணியிலிருந்துதான் டைனமோ சங்கத்துக்கு வந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் காவலர். 1971இல் மாஸ்கோவில் அவருக்கும் வழியனுப்பு ஆட்டம் நடந்தது. அங்கும் லட்சம் பேர் வந்தார்கள். யூசேபியோவும் பாபி சார்ல்டனும் எதிர்ப்பக்கம் நின்று ஆடினார்கள். மறுநாள்தான் வேறுபாடு. தாம் ஆடிய டைனமோ சங்கத்திலேயே யாஷினுக்குப் பொறுப்பும் ஊதியமும் இருந்தன. பிற்காலத்தில் அவருக்கு உடல் நலம் கெட்டது, ஒரு காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது, 1990இல் இறந்தார். அந்த நாட்டில் எல்லாம் பாலும் தேனுமாய் ஓடிற்று என்று சாதிக்க நாம் முயலவில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் போவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரியோவும் மாஸ்கோவும் இருக்கட்டும், காந்தலுக்கு இதில் என்ன என்று கேட்கும் தோழர் உண்டு. நியாயமான கேள்வி. நீலகிரிக்கு வருவோம்.

உதகையைப் பார்க்க வருகிறவர்கள் தாவரவியல் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காந்தலை அவர்கள் பார்ப்பதில்லை. குருசடி கோயிலுக்கு வருகிற பக்தர்கள் மட்டும் பார்ப்பார்கள். முக்கோணத்தைச் சுற்றி நெருங்கிக் கிடக்கும் வீடுகள். நகராட்சித் தொழிலாளி, மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர், கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியில் கூலிக்கு ஏறுகிறவர், ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர் என்று உதகையை நடத்துகிற கைகள் உறங்கும் இடம் அது. கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்க, பிள்ளைகள் ஒரே பந்தைத் துரத்துகிறார்கள். ஆனி ஆடி மழையில் சேறாகவும், மார்கழிப் பனியில் கல்லாகவும் கிடக்கிற தரையில், எதிர் கோல் எங்கே இருக்கிறது என்று தெரியாத மூடுபனியில் ஆடிப் பழகியவனுக்குச் சமவெளி மைதானம் பஞ்சு மெத்தை.

அந்தக் காந்தலிலிருந்து பத்து மைல் சொச்சத்தில் இருக்கிறது வெலிங்டன். மலை இரயிலில் ஏறினால் லவ்டேல், கேத்தி, அருவங்காடு கடந்து அடுத்த நிலையம். அங்கேதான் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாள மையம். அந்தப் பட்டாளத்து அணி, 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது! இளைய தோழர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்? 1888இல் சிம்லாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய பந்தயம் அது. 1940 வரையில் ஓர் இந்திய அணிகூட அதை வென்றதில்லை; அந்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் அணி வென்ற பிறகுதான் கதவு திறந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஐதராபாத் போலீசும் கோலோச்சிய ஐம்பதுகளில், நீலகிரி மலையிலிருந்து இறங்கிப் போய் இரண்டு முறை அந்தக் கோப்பையைத் தூக்கி வந்தது ஒரு பட்டாளத்து அணி. கால்பந்து என்றால் கல்கத்தா, கேரளம், கோவா என்று பேசுகிறவர்கள் வெலிங்டனையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அந்த அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்து, 1953இல் பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டனுக்கு வந்தவர். முதலில் அவர் முன்னணி ஆட்டக்காரர். பிறகுதான் கோலுக்குள் போனார். ஓங்கி நெடிது வளர்ந்த ஆள். கையை விரித்தால் கோலில் பாதி மறையும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தார். 1960இல் ரோமுக்குப் போனார். அதே ஆண்டில் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் தலைவர் அவரே. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்ற அந்த ஆட்டத்தில், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து காவல் நின்றார் தங்கராஜ். அதற்குப் பின் இன்றுவரை இந்தியக் கால்பந்துக்கு ஆசிய விளையாட்டில் தங்கம் வாய்க்கவில்லை.

ஓய்ந்த பிறகு அவர் என்ன ஆனார் என்று பாருங்கள். பட்டாளத்தை விட்டபின் கல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளிலும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது வந்தது. ஆட்டம் நின்றபின் அலிகார் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்தார். பிறகு பொகாரோ உருக்கு நகரத்தில் இளைஞர்களுக்குப் பந்தாட்டம் பழக்கும் பொறுப்பில் இருந்தார். சோவியத் துணையோடு எழுந்த பொதுத்துறை ஆலை அல்லவா பொகாரோ! 2008இல் அந்த ஊரிலேயே கண் மூடினார். முதலில் பட்டாளத்துச் சம்பளம், கடைசியில் பொதுத்துறை நகரத்தில் ஒரு பொறுப்பு. இந்த இரண்டு கைகளும் அவரைத் தாங்கின. கைதட்டல் தாங்கவில்லை.

தாங்கப்படாதவர்களும் நம்மவர்களே. வந்தவாசியில் பிறந்து கல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் ஆடிய பூங்கம் கண்ணனை, ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் ஆசியாவின் பெலே என்று அழைத்தார். பெலே என்ற பெயரைக் கொடுத்தார்கள், பெலேயின் முதுமையைக் கொடுக்கவில்லை. கல்கத்தா டம்டம் பகுதியில் சிறு வாடகை வீட்டில் வாழ்ந்து, 2019 ஏப்ரலில் அவர் இறந்தபோது, அவர் பிறந்த தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது? செகந்தராபாத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர். ஜகார்த்தா தங்க அணியின் முன்வரிசையில் நின்றவர். முப்பது வயது நிரம்பும் முன்னரே நோய் வந்து ஆட்டம் முடிந்தது. அவருக்கும் சோறு போட்டது இரயில்வே வேலை. உடன் ஆடிய இருவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 2023 பிப்ரவரியில் இறந்தார். பட்டம் பெரிதல்ல என்று நாம் சொல்லலாம். பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்து இவனை மறந்தால் அது எப்படிச் சுடும் என்பது சுட்டவனுக்குத்தான் தெரியும்.

திருச்சூர் அரங்கில் சோடா விற்ற ஐ.எம். விஜயனை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளப் போலீஸ் அணி அவரைச் சிறு வயதிலேயே சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில் எத்தனையோ கிளப்புகளுக்கு ஆடினார், சினிமாவிலும் நடித்தார். ஆனாலும் 2025இல் பத்மஸ்ரீ வந்தபோது அவர் போலீஸ் உத்தியோகத்தில்தான் இருந்தார். சோடாப் பெட்டி தூக்கிய பையனுக்கு அரசாங்கச் சம்பளப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. ஆட்டக்காரனின் முதுமையைக் காப்பது அந்தப் பட்டியல்தான் என்கிறோம்.

உத்தியோகம் மட்டும் இருந்தால் போதுமா என்று மடக்குகிறவர் உண்டு. மடக்கட்டும். வி.பி. சத்யன் இந்திய அணியின் தலைவராக இருந்தவர்; சென்னையில் இந்தியன் வங்கியில் உத்தியோகமும் இருந்தது. கால் முறிந்த வேதனையும் மனத்தின் வேதனையும் சேர்ந்து அவரைத் தின்றன. 2006 ஜூலையில் பல்லாவரம் இரயில் நிலையத்தில், நாற்பத்தொரு வயதில், அந்த வாழ்வு முடிந்தது. ஆகவே சம்பளத்தோடு மருத்துவமும் வேண்டும். முட்டியைப் பார்க்கும் வைத்தியர் மட்டுமல்ல, மனத்தைப் பார்க்கும் வைத்தியரும் வேண்டும். இருபது ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோர் கூவி அழைத்த பெயரை, ஒரு நாள் காலையில் யாரும் அழைக்காமல் போவது சாதாரண அடி அல்ல.

இப்போது விஷயத்தின் வேருக்கு வருவோம். இரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், வங்கிகள், போலீஸ், பட்டாளம் ஆகியவை வெறும் அணிகளா? இல்லை. ஏழை ஆட்டக்காரனுக்கு அவை பாலம். பதினெட்டு வயதில் காலைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். முப்பத்தைந்தில் கால் ஓய்ந்தாலும் ஐம்பத்தெட்டு வரை நாற்காலி இருந்தது. அதற்குப் பிறகு ஓய்வூதியம் இருந்தது. பணக்காரக் கிளப்பு எதுவும் இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. பொதுத்துறை செய்தது, தொழிற்சங்கம் போராடிப் பெற்ற நிரந்தர வேலை செய்தது. அந்தப் பாலத்தின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தர வேலை இருந்த இடத்தில் ஒப்பந்த வேலை வந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அணி ஏது? பதினோரு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் கிழிகிறவனை வைத்து எந்தக் காண்டிராக்டர் கோப்பைக்கு ஆடப் போகிறான்?

நீலகிரியிலேயே இதைக் கண்ணால் கண்டோம். உதகை இந்து நகரில் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ஆயிரக்கணக்கான மலைவாழ் குடும்பங்களுக்கு முதல் நிரந்தரச் சம்பளத்தைக் காட்டியது. தொண்ணூறுகளில் நலிந்தது. நவீனத் தொழில் நுட்பம் வந்தது உண்மை. மாற்றித் திருத்தி நடத்த மனம் வரவில்லை என்பதும் உண்மை. 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் தொகையைக் கொடுத்து வாசலைக் காட்டியது. விருப்ப ஓய்வாம்! யாருடைய விருப்பம்? அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேல் அரசாங்கத் தொழிற்சாலையாகவே இருந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனியின் கீழ்ப் போய்விட்டது. ஆலை மூடினால் சம்பளம் போகிறது என்று மட்டும் நினைக்கிறோம். காந்தலில் பந்து உதைக்கும் பையன் ஏறிப் போக வேண்டிய படியும் சேர்ந்து போகிறது. அப்பன் ஆலைக்குப் போனான், மாலையில் ஆடினான். மகன் சுற்றுலா வண்டி ஓட்டுகிறான். சனியும் ஞாயிறும்தான் அவனுக்குச் சவாரி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவன் எப்படி வருவான்?

தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது. அதன்படி உத்தரவுகளும் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். நல்லதை நல்லதென்று சொல்வதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியமும் இருக்கிறது. மாதம் 3,000 ரூபாயாக இருந்தது 6,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் வரவேற்றோம். ஆனால் அதைப் பெறும் தகுதியைப் பாருங்கள்: பன்னாட்டுப் போட்டியிலோ தேசியப் போட்டியிலோ வென்றிருக்க வேண்டும், முதல் மூன்று இடங்களில் வந்திருக்க வேண்டும், வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். காந்தலில் இருபது ஆண்டுகள் மாவட்ட லீக்கில் ஆடி, முட்டி தேய்ந்து, ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பந்தடிக்கக் கற்றுக்கொடுத்த சுமைத் தொழிலாளியிடம் எந்தத் தேசியச் சான்றிதழ் இருக்கும்? நெல்லை அளந்து ஊருக்கே போட்டவன் வீட்டில் படி இல்லை என்ற கதைதான்.

பழைய வீரர் பந்தயத்தை உதகையிலும் நடத்தலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் கோடை விழா. பூக்காட்சி, பழக்காட்சி, நாய்க்காட்சி. அதனோடு பழைய வீரர் காட்சியும் ஒன்று! சுற்றுலா வருமானம் பெருகும், ஓட்டல்கள் நிரம்பும் என்பார்கள். நிரம்பட்டும். நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஏழாயிரம் அடி உயரத்தில், மூச்சு வாங்க வாங்க ஓடும் பழைய பிரேசில் வீரரைக் காந்தல் பையன் பார்க்கட்டும். மேலே ஏறி வந்தவருக்குத்தான் மூச்சு வாங்கும், நம்மவருக்கு வாங்காது என்பது வேறு விஷயம்! ஆனால் நமக்குச் சில நிபந்தனைகள் உண்டு.

நுழைவுச் சீட்டு வசூலிலும் விளம்பர வசூலிலும் ஒரு பங்கு, மேடையில் அறிவித்துவிட்டு மறக்கும் நன்கொடையாக இல்லாமல், ஒப்பந்தத்தில் எழுதிய பங்காக, இந்த மாவட்டத்தில் ஆடி ஓய்ந்தவர்களின் மருத்துவ நிதிக்குப் போக வேண்டும். அந்த நிதியைக் கவனிக்கும் குழுவில் பழைய ஆட்டக்காரர்களே பாதிக்குமேல் இருக்க வேண்டும். வெளிநாட்டு வீரர் ஆடும் நாளன்று முன்னாட்டம் நம்மவர்களுடையது; வெலிங்டன், அருவங்காடு, காந்தல், கோத்தகிரி, கூடலூர் எங்கிருந்தாலும் அவர்களை அழைத்து, பயணப்படி கொடுத்து, அந்த நாள் கூலியும் கொடுத்து ஆட வைக்க வேண்டும். பெண்களையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. அவர்களுக்கு முன்னே ஆடி வழிவிட்ட பெண்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எந்த விழாக் குழுவும் விசாரிப்பதில்லை.

மிக முக்கியமானது மைதானம். விழாவுக்காக மைதானத்தை மூடிப் பந்தல் போட்டு, ஆணி அடித்து, லாரி ஏற்றி உழுதுவிட்டுப் போய்விட்டால், மறுநாள் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? மலையில் சமதரை என்பது தங்கம். அரை ஏக்கர் சமதரை கிடைத்தால் ஒருவன் விடுதி கட்டப் பார்க்கிறான், இன்னொருவன் வண்டி நிறுத்தப் பார்க்கிறான். உதகையின் நடு வயிற்றில் ஐம்பது ஏக்கருக்கு மேல் சமதரை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து குதிரை ஓடக் கிடந்தது. ஆண்டுக்குச் சில வாரம் குதிரை ஓடும். ஆண்டு முழுவதும் மனிதப் பிள்ளை வேலிக்கு வெளியே நிற்கும். 2024இல் வாடகைப் பாக்கிக்காக அரசு அதை மீட்டு, சூழல் பூங்கா அமைக்கப் போவதாகச் சொன்னது. வழக்கும் நீதிமன்றம் ஏறியது. மீட்டதைப் பாராட்டுகிறோம். பூங்காவும் இருக்கட்டும், உதகைக்குப் பூங்காப் பஞ்சம் இருப்பதாக மட்டும் நமக்குத் தெரியவில்லை. அந்த ஐம்பது ஏக்கரில் இரண்டு ஏக்கர் பந்துக்கு என்று கேட்கிறோம். குதிரைக்குக் கொடுத்த இடத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு. இது பேராசையா?

வயிற்றுப் பாட்டுக்கே வழியில்லாத நாளில் பந்துப் பாட்டா என்று நம் வரிசையிலேயே சிலர் முகம் சுளிப்பதுண்டு. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்றுதானே சிக்காகோவில் இரத்தம் சிந்தினார்கள்? அந்தக் கடைசி எட்டு மணி நேரத்தில் தொழிலாளி என்ன செய்வான் என்று நினைத்தார்கள்? பாடுவான், படிப்பான், பிள்ளையைத் தோளில் வைத்துப் பந்தாட்டம் பார்க்கப் போவான். அந்த நேரத்தைக் காப்பதும் கூலி உயர்வைப் போன்றதே.

ஆகையால் நீலகிரித் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உள்ளூர்ப் பழைய வீரர்களின் பட்டியல் எந்த அலுவலகத்திலும் தயாராக இருக்காது; நாம்தான் எழுத வேண்டும். காந்தலில் தொடங்குங்கள். கிளைச் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இருவர் இருவராகப் போகட்டும். பெயர், வயது, எந்த அணி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை பார்த்தார், சேமநல நிதி வந்ததா, ஓய்வூதியம் உண்டா, உடம்புக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறார் என்று கேட்டு எழுதட்டும். சுவரில் பழைய அணிப் படம் மாட்டியிருந்தால், அதில் நிற்கிற பதினொரு பேர் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். செத்துப்போனவர்களின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், அவர்களுடைய மனைவிமார் இருப்பார்கள். பிறகு அருவங்காட்டுத் தோழர்கள் அருவங்காட்டிலும், குன்னூர்த் தோழர்கள் வெலிங்டனிலும், தோட்டச் சங்கத்தார் கோத்தகிரி, கூடலூர் லயன்களிலும் இதையே செய்யட்டும். அடுத்த கோடை விழாவுக்கான ஆலோசனைக் கூட்டத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டுவதற்கு முன், அந்த நோட்டின் பிரதி ஒன்று மாவட்ட விளையாட்டு அலுவலர் மேசைக்கும், ஒன்று நம் பத்திரிகை அலுவலகத்துக்கும் வந்து சேரட்டும். வந்த பெயர்களை வாரம் ஒரு பத்தியாக இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.